வேரோடு வந்த சாதாழை

இன்று காலை அல்லைப்பிட்டிக் கரையில் சாதாழை நாற்றம் மூக்கில் ஏறியது. அந்தக் கடற்புல் பழுத்து ஒதுங்கும் சோளகக் காற்று நாட்களில், சின்ன வயதில், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் அம்மாவோடும் அயல் பெண்களோடும் பனையோலைக் கடகம் தூக்கி வருவேன். தோட்டத்துக்குப் பசளையாக அள்ளுமுன் ஒவ்வொரு பிடியையும் தண்ணீரில் உதறி, இலையில் ஒட்டியிருக்கும் இறால் குஞ்சையும் நண்டுக் குஞ்சையும் கடலுக்கே விடுவோம், உதறாமல் கடகத்தில் போட்டால் "நாளைச் சோத்தையெல்லோ அள்ளுறாய், மூதேசி" என்று யாராவது பிடரியில் தட்டுவார்கள்.

இன்று ஒதுங்கிக் கிடந்தது பழுத்த இலை இல்லை, வேரோடு பிடுங்கிய பச்சைப் புல். இழுவைமடிப் படகுகள் கடலடியை உழுதுவிட்டுப் போயிருந்தன. அந்தப் புல்லுக்குள் நண்டுவலை போட்டுப் பிழைக்கும் என் தம்பி தலையில் கைவைத்து நின்றான்.

"புல்லைக் காக்க எண்டு மிதவை கட்டினமெல்லோ, அக்கா. அதையும் அறுத்துக்கொண்டு போட்டாங்கள்."

"திரும்ப நட ஏலாதோ?"

"நடலாம். அது வேர் பிடிக்குமட்டும் பிள்ளையளுக்குச் சேத்தையோ அவிச்சுக் குடுக்கிறது?"

 கடகத்தோடு வந்த பெண்களை அள்ள விடாமல் மறித்து, வேருள்ள ஒரு பிடியை எடுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, காலால் மிதித்து ஊன்றினேன். காலை எடுத்ததும் அது மிதந்து மேலே வந்தது. மறுபடி மிதித்தேன்.