ஷூவைக் கழற்றிவிட்டு ஓடிய பையன்

ஊருக்கு வெளியே கழக்கூட்டம் என்ற இடத்தில் இருந்த எங்கள் ஸ்டுடியோவுக்குள் செருப்போடு நுழையக் கூடாது. ஏசி அறை, உள்ளே கம்ப்யூட்டர்கள், தூசி ஆகாது. தொண்ணூறுகளின் கடைசியில் கம்ப்யூட்டர் இருந்த இடமெல்லாம் கர்ப்பக்கிரகம்தான். வாசலில் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்து, பனி பெய்யும் தேசத்துக் குழந்தைகளை ஷூவோடு வரைந்துகொண்டிருந்தோம். அதில் வேடிக்கை ஏதும் இருப்பதாக எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

வேலை எங்களுடையது, கதை எங்களுடையதல்ல. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று டிவி தொடருக்கான கதையைக் கட்டம் கட்டமாக வரைந்து அனுப்பும். அதற்கு அசைவு கொடுப்பது நாங்கள். ஓர் அசைவின் முக்கியமான படங்களை அனிமேட்டர் வரைவார். அவற்றுக்கு நடுவே வரும் படங்களைப் போடுகிறவர் இன்பிட்வீனர். நான் இன்பிட்வீனர். முதல் படத்தில் கை மேலே இருக்கும், அடுத்ததில் கீழே இருக்கும்; இடையில் இறங்கி வருகிற கையெல்லாம் நான் போட்டது. அனிமேட்டர் நாற்காலிமேல் எனக்கு ஒரு கண் இருந்தது. அப்பாவுக்கு என்னை ஏதாவதொரு வங்கியில் உட்கார வைக்க வேண்டும். “ஏண்டி, பொம்மை போடறதுக்கா இத்தனை தூரம் பஸ் ஏறிப் போறே?” என்று கேட்டுக்கொண்டே வங்கித் தேர்வு விண்ணப்பத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். நான் அதன்மேல் ரசம் சிந்துவேன். மறுநாள் இன்னொன்று வாங்கி வருவார்.

ஒருநாள் எங்கள் பகுதியின் தலைவர், எல்லோருக்கும் அவர் சார், ஒரு ஷாட்டை முழுக்க என்னிடமே கொடுத்தார். தேறினால் அனிமேட்டர். தேறாவிட்டால் பழைய இடம்தான் என்றார். பழைய இடத்தில் அப்பா என்னை அதிக நாள் விட்டுவைக்க மாட்டார் என்பது சாருக்குத் தெரியாது.

ஷாட் சிக்கலானதல்ல. பள்ளிவிட்டு வரும் ஒரு பையனுக்கு, அம்மாவுக்கு உடம்பு மோசம் என்று வாசலிலேயே தெரிகிறது. உள்ளே ஓடுகிறான், கட்டிலில் ஏறி அவளைக் கட்டிக்கொள்கிறான். நான் யோசிக்கவே இல்லை. வாசலில் ஓட்டத்தை நிறுத்தாமலேயே ஒரு குதிகாலால் இன்னொரு ஷூவை நெம்பித் தள்ளுகிறான். மற்றது தானாக எகிறி விழுகிறது. சாக்ஸ் காலோடு வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறான். படங்களை வரிசையாகப் படம் பிடித்து ஓட்டிப் பார்த்தோம். “அடிபொளி!” என்று மெச்சினார் சார். பையனுடைய அவசரமெல்லாம் அந்த எகிறி விழும் ஷூவில் இருப்பதாக நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து ஃபேக்ஸ் வந்தது. பையன் எதற்காக ஷூவைக் கழற்றுகிறான்? அவன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. கழற்றுவதை எடுத்துவிடவும்.

திரும்பத் திரும்பப் படித்தேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால்தானே கழற்றுகிறான்? கதைக் கட்டங்களை எடுத்துப் பார்த்தோம். வாசலில் ஷூ போட்டிருக்கிறான், கட்டிலில் அவனுக்குத் தோள்வரைதான் படம். கால் என்ன ஆயிற்று என்று அதில் இல்லை. எங்களில் ஒருவரும் கேட்கவுமில்லை. எத்தனையோ பேர் கையைத் தாண்டிப் போன ஷாட், ஒருவர் கண்ணிலும் இது தப்பாகப் படவில்லை.

“சுகமில்லாத்த ஆளின்டெ கட்டிலில் ஷூ இட்டோண்டோ? அய்யே!” என்றாள் எங்களுக்கு வண்ணம் போடுகிற மலையாளப் பெண். சீக்காளியின் கட்டிலில் ஷூவோடா என்று அவளுக்கு அருவருப்பு.

“அவிடத்தெ ரீதி அதாயிருக்கும்” என்றார் சார். அவர் முகத்திலும் தெளிவு இல்லை.

சரி, அவர்கள் ஊர் வழக்கம் அது. ஷூவோடு வரைய உட்கார்ந்தேன். கை வரவில்லை. வெள்ளை விரிப்பு, அதில் படுத்திருக்கும் சீக்காளி, அவள் பக்கத்தில் தெருவையெல்லாம் மிதித்த ஷூ. வரைகிறேன், அழிக்கிறேன். கடைசியில் எப்படியோ முடித்துக் கொடுத்தேன். பதில் வந்தது: பையனுக்கு அம்மாவைத் தொட விருப்பமே இல்லாததுபோல் இருக்கிறதே, ஏன்?

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை பாசமாக முகத்தை வரைந்திருக்கிறேன், விருப்பமில்லையாம். மறுபடி ஓட்டிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. பையனுடைய தலையும் மார்பும் அம்மாமேல் இருந்தன. கால் மட்டும் முழங்காலுக்குக் கீழே கட்டிலுக்கு வெளியே அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. விரிப்பில் ஷூ பட்டுவிடக் கூடாதென்று என் கை தானாகச் செய்த வேலை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. அழுகை வந்தது. என் கை எனக்கே அடங்கவில்லை என்றால் நான் எதை வைத்து அனிமேட்டர் ஆவது?

சார் என் மேஜைக்கு வந்தார். “ஒரு தவண கூடி நோக்காம். இல்லெங்கில் வேறெ ஆளுக்குக் கொடுக்கேண்டி வரும்” என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு தடவை.

அந்த வாரத்திலேயே அது நடந்தது. கதைக்காகச் சேர்த்தேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நண்பகலில் ஸ்டுடியோவுக்கு ஃபோன் வந்தது. பேசியது ஊரின் பழைய கோட்டைக்குள் இருக்கும் எங்கள் அக்ரஹாரத்து அடுத்த வீட்டு மாமி.

“பயப்படாதே கேட்டியா, அம்மா குளிமுறியில வழுக்கி விழுந்துட்டா. நீ வேகம் வா.”

பயப்படாதே என்று சொன்னால் பயப்படாமல் யாரால் இருக்க முடியும்? எப்படி இறங்கினேன், எந்த பஸ் என்று ஒன்றும் நினைவில்லை. கிழக்கே கோட்டை ஸ்டாப்பில் பஸ் நிற்கும் முன்பே குதித்ததற்குக் கண்டக்டர் திட்டியது மட்டும் நினைவிருக்கிறது. வீட்டுக்குள் ஓடினேன். அம்மா கட்டிலில் கிடந்தாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது, நெற்றியில் புடைப்பு, கண் மூடியிருந்தது. ஏறிப் படுத்து அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் கண்ணைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“செருப்பு எங்கடீ?”

குனிந்து பார்த்தேன். காலில் செருப்பே இல்லை. ஸ்டுடியோ வாசலில் விட்டது விட்டபடி கிடக்கிறது. கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு வந்திருக்கிறேன். கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம். மெத்தையில் மண்ணும் தாரும் ரத்தமுமாக என் இரண்டு காலடிகள்.

“போய்க் காலை அலம்பிண்டு வா. விரிப்பு பூரா மண்ணாக்கிட்டே” என்றாள் அம்மா.

பின்கட்டில் காலைக் கழுவிக்கொண்டே யோசித்தேன். செருப்புப் போட்டிருந்தால் வாசலில் கழற்றியிருப்பேனா? இன்றுவரை எனக்குத் தெரியாது. கழற்றியிருப்பேன் என்று அம்மாமேல் சத்தியம் செய்யலாம்போல ஒரு நேரம் இருக்கும். மறுநேரம் அந்த விரிப்பு நினைவுக்கு வரும். ஒன்று மட்டும் நிச்சயம். கழக்கூட்டத்திலிருந்து கட்டில்வரை எனக்குக் கால் என்று ஒன்று இருந்ததே எனக்குத் தெரியவில்லை. நான் வரைந்த பையனுக்கோ இரண்டு தடவையும் காலைப் பற்றியே நினைப்பு.

அம்மாவின் கைக்கு மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அழைத்து வந்தோம். மறுநாள் புதுத்தாளில் பையனுடைய கண்ணை முதலில் வரைந்தேன். எல்லாத் தாளிலும் அது கட்டிலையே பார்த்தது. பிறகு கழுத்து, தோள், கை. காலைக் கடைசியில், அது போகிற இடத்துக்குப் போகட்டும் என்று போட்டேன். ஷூவோடு, முழுசாகக் கட்டிலில் விழுந்தான். வண்ணம் போடுகிற பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டே அந்த ஷூவுக்குத் தவிட்டு நிறம் அடித்தாள்.

இந்தத் தடவை ஃபேக்ஸில் சரி என்பதைத் தவிர ஒன்றுமில்லை. எனக்கு அனிமேட்டர் நாற்காலி கிடைத்தது. ஆனால் எது சரியாயிற்று என்று யாராவது கேட்டிருந்தால் நான் விழித்திருப்பேன்.

எபிசோட் முடிந்ததும் கேசட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். அம்மா என்ன சொல்வாளோ? காலை அலம்பாமல் சமையலறைப் பக்கம் போனால் எங்களை உண்டு இல்லை என்று ஆக்குகிறவள் அம்மா. மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். பையன் ஓடினான், ஏறினான், கட்டிக்கொண்டான்.

“சீ! ஷூவோடயா கட்டில்ல ஏறறது?” என்றார் அப்பா.

அம்மா இன்னொரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எந்த ஷூ?” என்றாள்.