ஞி வராத பக்கம்

அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் ‘கஞ்’ என்று நின்றிருந்தது. கீழே வெறும் வெள்ளைத் தாள்.

எங்கள் அச்சகத்தில் அடித்த புத்தகம் அது. சுனாமிக்கு இரண்டு மூன்று வருடம் கழித்து. நெய்யூர்ப் பக்கம் அப்பா நடத்திய சின்ன அச்சகம். கல்யாணக் கார்டு, மரண அறிவிப்பு, கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸ் என எல்லாவற்றுக்கும் பக்கம் கோத்துக் கொடுத்தது அப்பாவின் நண்பர் ஒருவர் எழுதிய பழைய மென்பொருள். அது ஓடிய கணினி சாகக் கிடந்தது. புதியவற்றில் அது ஓட மறுத்தது. அப்பா விற்றுவிடலாம் என்றார். அண்ணன் மனைவி, அதாவது எங்கள் மைனி, விடவில்லை. அண்ணன் துபாயில் இருந்தான். அங்கே போய் நாலு சுவருக்குள் அடைந்து கிடப்பதைவிட அச்சகத்தை நடத்தவே அவருக்கு ஆசை. கணினி படித்தவர். நாகர்கோவில் கடைக்காரர்களே கேள்விப்படாத ஓர் இயங்குதளத்தை எங்கிருந்தோ கொண்டுவந்து, பழைய மென்பொருளை வரிவரியாக அதற்கு மாற்றினார். ஒரு புத்தகம் பிழையில்லாமல் வந்தால் சாவி உனக்கு, இல்லாவிட்டால் விமானம் ஏறு என்றார் அப்பா.

வந்த புத்தகம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருடையது, இறந்துபோன மனைவியைப் பற்றி. முழுக்க ஏட்டுத் தமிழ். கடைசி வரி மட்டும் அந்த அம்மாள் ஊர்ப் பேச்சில் தினமும் கேட்ட கேள்வி: “கஞ்ஞி குடிச்சியா?” திருத்தமெல்லாம் பழைய கணினியில் எடுத்த தாளிலேயே பார்த்து முடித்திருந்தோம். நினைவு நாள் நெருங்கியதால், புதியதில் முதல் பக்கங்களை மட்டும் ஒப்பிட்டுவிட்டு மைனி அச்சுக்கு அனுப்பினார்.

பழைய மென்பொருளில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண். எழுத்துத் தமிழில் அபூர்வமாகவே வரும் ‘ஞி’க்குக் கடைசி எண்ணைக் கொடுத்திருந்தார்கள். புதிய இடத்திலோ அந்த எண்ணுக்கு ‘கோப்பு முடிந்தது’ என்று அர்த்தம் ஆகிவிட்டது. நம்மூர்க்காரர்களைத் தவிர யார் கஞ்சியைக் கஞ்ஞி என்று எழுதப்போகிறார்கள்? எனக்கு இன்றும் அந்த எண்மேல் ஆத்திரம் தீரவில்லை.

வாத்தியார் கடைசிப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“அவ முழுசாத்தான் கேப்பா மோளே. நீ பாதியில அவ வாயப் பொத்திட்டியே.”

மைனி அன்றைக்கே பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார். நிரலில் மாற்ற வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல். கடைசிப் பக்கத்தைத் திரும்ப அடித்து வாத்தியார் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அப்பா அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அந்த மாதமே அச்சகம் கைமாறியது, மைனி துபாய் போனார்.

வாரம் தவறாமல் என்னைக் கூப்பிடுவார். பிள்ளைகளின் படிப்பு, அங்கத்திய வெயில் எல்லாம் பேசுவார். பேச்சை முடிக்கும்போது, “சாப்பிட்டியா மக்கா?” என்பார், டிவிக்காரர்களைப் போல. முன்பெல்லாம் அவரும் கஞ்ஞி குடிச்சியா என்றுதான் கேட்பார்.

ஒருநாள் வாய்தவறி, “கஞ்ஞி குடிச்சேன் மைனி” என்றுவிட்டேன். மறுமுனையில் சத்தமே இல்லை. இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.