பெரட்டு

எங்கள் ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு நடக்கும். ஆபீசுக்கு எதிரே இருந்த களத்தில் எல்லாரும் வாளியோடு நிற்போம். எங்களை வேலை வாங்கும் தண்டல் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். கூப்பிட்டு முடிந்தபின் வந்தால் அன்றைக்கு வேலை இல்லை, திரும்பிப் போக வேண்டியதுதான். மழை பெய்தாலும் வேலை இல்லை. ஈர மரத்தைச் சீவிப் பால் எடுக்க முடியாது.

தோட்டம் போய்விட்டது. இப்போது சுங்கைப் பட்டாணி டவுனில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். என் மனைவிக்குக் கொஞ்ச காலமாக நினைவு சரியில்லை. விடிகிற நேரம் எழுந்து, பெரட்டுக்கு நேரமாச்சு என்று கதவை இழுப்பாள். பூட்டினால் அழுவாள். ஒரு நாள் எனக்கு வேறு வழி தெரியவில்லை. வாசலை மறித்து நின்று, தண்டல் மாதிரி அவள் பேரைக் கூப்பிட்டேன்.

“இருக்கேங்கய்யா” என்றாள்.

“மழை. மரம் ஈரமா இருக்கு. இன்னிக்கு வேலை இல்ல, வீட்டுக்குப் போ.”

உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அதுவே தினமும் ஆனது.

கூலிம் பேக்டரியில் வேலை செய்யும் மகள் லீவில் வந்தபோது இதைப் பார்த்தாள். போனில் என்னவோ தேடினாள்.

“அப்பா, பெரட்டு இங்கிலீஷ் வார்த்தைப்பா. பரேடு. சோல்ஜருங்க வரிசையா நடப்பாங்களே, அதுதான்லா.”

“நாங்க எங்க நடந்தோம். நின்னோம்.”

“அதுக்கும் முன்னாடி லத்தீன் பாஷையில, தயார் பண்றதுன்னு அர்த்தமாம்.”

“லத்தீன்காரனாச்சும் சரியாச் சொன்னான்.”

சிரித்தாள். பிறகு சொன்னாள், “தினம் தண்டலா நின்னீங்கன்னா அம்மா உங்கள மறந்துடுவாங்கப்பா. விட்டுடுங்க.”

விட்டால் அவள் படி இறங்கிவிடுவாள். கீழே ரோடு, லாரி. நான் விடவில்லை.

மகள் சொன்னது நடந்தது. இப்போது பகலிலும் என்னை அய்யா என்றுதான் கூப்பிடுகிறாள். சோறு கொடுத்தால் எழுந்து நின்று வாங்கிக்கொள்கிறாள்.

போன வாரம் மழை என்று சொல்லியும் அவள் உள்ளே போகவில்லை.

“அய்யா, எங்க வூட்டுக்காரரு பேரக் கூப்பிடலியே.”

மழை என்று இன்னொரு தரம் சொன்னேன்.

“வந்துடுவாருங்கய்யா. பேர எடுத்துடாதீங்க. நல்ல மனுசன்.”

அதிலிருந்து என் பேரையும் சேர்த்துக் கூப்பிடுகிறேன். நானே ‘இருக்கேன்’ என்கிறேன். யார் பதில் சொன்னது என்று அவள் என்னைத் தாண்டி வெளியே பார்க்கிறாள்.