பம்பிலிருந்து பிரிந்த வயர்

டிரைவிங் ஸ்கூலில் படித்தவர்கள் எல்லோருக்கும் அவள் பிரேக்கம்மாதான். கற்றுக்கொடுக்கும் காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டப் பழகுகிறவர் முன்னால் போகும் லாரியோடு உறவு கொண்டாடக் கிளம்பும்போது அவள் கால் அதில் இறங்கும். இறங்கிய மறுகணமே, "நான்தான் போட்டேன், பயப்படாதீங்க" என்று சொல்லியும் விடுவாள்.

வாரம் முழுக்க இரண்டாவது கியரில் ஊர்ந்து சலித்த காலுக்கு விடுமுறை நாளில்தான் விடுதலை. மலைப்பாதையில் ஒவ்வொரு வண்டியாக ஏறவிட்டு நேரம் பார்க்கும் போட்டிகளில் அவள் ஓட்டுவாள். நாற்பதைத் தாண்டிய பிறகு இதெல்லாம் தேவையா என்று கேட்காதவர் கிடையாது. கேட்டவர்களுக்குப் பதில் சொல்லும் வழக்கம் அவளுக்குக் கிடையாது.

மெக்கானிக்கான அவளுடைய அண்ணன்தான் அந்தப் பழைய காருக்குச் சூப்பர்சார்ஜர் மாட்டினான். பெல்ட்டால் சுழன்று, காற்றை அமுக்கி என்ஜினுக்குள் திணிக்கிற கருவி அது. அந்த அமுக்கத்துக்குத்தான் பூஸ்ட் என்று பெயர். அமுக்கிய காற்று சூடேறும். சூடேறினால் பெட்ரோல் நேரங்காலம் தெரியாமல் வெடித்துப் பிஸ்டனைப் பதம் பார்க்கும். அதனால் தண்ணீரும் மெத்தனால் என்கிற எரிசாராயமும் கலந்து காற்றோடு மூடுபனிபோலத் தெளிக்கிற ஏற்பாட்டையும் செய்தான். டிக்கியில் தொட்டி, பக்கத்தில் பம்பு, காற்றுக் குழாயில் தெளிப்பதற்குப் பொடி நாசில். கையுறை மாட்டிக்கொண்டு கலவையை ஊற்றியது அவள்தான். பூஸ்ட் ஏறினால் பம்பு ஓடும், ஸ்டீயரிங் பக்கத்தில் பச்சை விளக்கு எரியும். பூஸ்ட் மீட்டரும் வேண்டும் என்று அவள் கேட்டாள். மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தால் ரோட்டை யார் பார்ப்பது என்று அண்ணன் சிரித்தான். நியாயம்தானே என்று அவளும் விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த சீசன் முழுக்கத் தோல்வி. வளைவிலிருந்து வெளியே வந்து மிதித்தால் வண்டி பாயப் பார்க்கும். பச்சை விளக்கு எரிந்ததும் சோம்பிவிடும். அண்ணனிடம் சொன்னாள். தண்ணீர் உள்ளே போனால் அப்படித்தான் இருக்கும், வண்டியில் குறையில்லை, மிதிக்கிற காலில்தான் குறை என்றான். அவள் நம்பினாள். தொழில் தெரிந்தவன், கூடப்பிறந்தவன், நம்பாமல் என்ன செய்வாள்? மலைப்பாதையை நடந்தே ஏறிப் பார்த்தாள். வளைவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்தாள். வீட்டில் அம்மா, வராததைப் பிடித்துக்கொண்டு ஏன் தொங்குகிறாய் என்று நைச்சியமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பிறகு ஒரு பயிற்சி நாள். முதல் வளைவைத் தாண்டி மிதித்தாள். பச்சை விளக்கு எரியவில்லை. வண்டியோ இதுவரை அவள் அறியாத வேகத்தில் கிளம்பியது, முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த மூச்சில், தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிற மாதிரி என்ஜின் சடசடத்தது. வெடிக்கக் கூடாத நேரத்தில் வெடிக்கிற சத்தம். சட்டென்று காலை எடுத்து ஓரம் கட்டினாள்.

ஃப்யூஸ் போயிருந்தது, அதனால் பம்பு ஓடவில்லை. அது புரிந்தது. தெளிப்பு நின்ற பிறகு வண்டிக்கு எங்கிருந்து இவ்வளவு பலம் வந்தது என்பதுதான் புரியவில்லை. வெயிலில் நின்று பம்பு வயரை ஃப்யூஸிலிருந்தே விரலால் தடவிக்கொண்டு போனாள். பாதி வழியில் அது இரண்டாகப் பிரிந்தது. ஒன்று பம்புக்கு. இன்னொன்று, கறுப்பு டேப் சுற்றி, அமுக்கிய காற்றைத் திருப்பிவிடுகிற பைபாஸ் வால்வுக்கு.

தண்ணீர் நின்றால் அந்த வால்வு திறந்து பூஸ்டை இறக்கி என்ஜினைக் காப்பாற்ற வேண்டும். இங்கே எல்லாம் தலைகீழ். தண்ணீர் ஓடும்போது திறந்து வண்டியை முடக்கியது. தண்ணீர் நின்றதும் மூடிக்கொண்டது. கைதவறி நடந்தது என்று நினைக்கவும் வழியில்லை. டேப்பை அவ்வளவு நேர்த்தியாகச் சுற்றியிருந்தான்.

வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். அண்ணன் கை துடைத்துக்கொண்டிருந்தான். அவள் பானெட்டைத் திறந்து வயரைத் தூக்கிக் காட்டியதும், துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"அம்மா அழுதாங்க" என்றான். "அவ வண்டியைக் கொஞ்சம் அடக்கி வைடான்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"என்கிட்ட சொல்லியிருக்கணும்."

"சொன்னா நீ கேட்பியா?"

"கேட்க மாட்டேன். அதுக்காக என் கால்லதான் குறைன்னு சொல்லுவியா? யாரோ எவரோ, என்கிட்ட ஓட்டக் கத்துக்க வர்றாங்க. அவங்களுக்குப் பிரேக் போட்டாக்கூட, போட்டது நான்தான்னு சொல்லிடறேன். உனக்கு அந்த மரியாதைகூட எனக்குக் கொடுக்கத் தோணலை."

அண்ணன் கைத்துணியை பானெட் ஓரத்தில் வைத்தான்.

"இன்னிக்குத் தண்ணி நின்னுபோச்சு" என்றாள். "நின்னதும் மொத்த பூஸ்டும் உள்ளே போச்சு. என்னைக் காப்பாத்த நீ போட்ட வயர்தான் அது."

அப்போதுதான் அவன் முகம் வெளுத்தது. ஃப்யூஸ் போகும் என்று அவன் யோசித்திருக்கவேயில்லை. தங்கையை ஏமாற்றியதைவிட, இப்படி ஒரு வேலையைச் செய்து வைத்தோமே என்றுதான் அவன் அதிகம் கூசியது போலிருந்தது. அது அவள் கோபத்தை இன்னும் கிளறிவிட்டது.

அம்மா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "உயிரோட வந்து நிக்கிறல்ல, அப்புறம் என்ன?" என்றாள். பதில் சொன்னால் வாயில் வரக்கூடாதது வந்துவிடும் என்று மகள் குளியலறைக்குள் போய்த் துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். சுவரெல்லாம் அதிர்ந்தது.

காரை டிரைவிங் ஸ்கூல் ஷெட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். அண்ணன் அனுப்பிய ஆளைத் திருப்பி அனுப்பினாள். வயரிங்கைத் தானே பிரித்து மாட்டினாள். நாசில் இணைப்பு ஒழுகியது. இறுக்கினால் மரை போனது. திட்டிக்கொண்டே வேறு வாங்கி வந்தாள். பூஸ்ட் மீட்டரைக் கண்ணுக்கு நேரே பதித்தாள். தண்ணீர் நின்றால் வால்வு திறக்கும்படி செய்துவிட்டு, காலி ரோட்டில் பம்பின் ஃப்யூஸைத் தானே பிடுங்கி ஓட்டிப் பார்த்தாள். முள் இறங்கியது, வண்டி சமர்த்தாகச் சோம்பியது. ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவுதானா வேலை, இதைச் செய்யத் தெரிந்தவன்தானே அதைச் செய்தான் என்று நினைத்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த போட்டியில் ஜெயித்துவிட்டாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். நான்காவதாக வந்தாள். சோம்பல் வண்டியில் பழகிய கால், பாய்கிற வண்டியில் எங்கே பிரேக் போடுவது என்று தடுமாறியது. அந்த சீசனில் வியர்வை சிந்திக் கற்றதில் பாதியை மறக்க வேண்டியிருந்தது. அதற்கும் சேர்த்து அண்ணன்மேல் கோபம் வந்தது. வேலி ஓரம் நின்று பார்த்த அவன், இறங்கி வந்த அவளிடம் மீட்டர் எவ்வளவு காட்டியது என்று கேட்டான். அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே தாண்டிப் போனாள்.

இப்போது பேசுகிறார்கள். விசேஷங்களுக்கு அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருகிறாள். மலை ஏறுவதில் கால் மெல்ல மெல்லத் திருந்தி, ஒருமுறை இரண்டாவதாகவும் வந்தாள். போன மாதம் அவன் வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பியபோது, பெல்ட்டில் கீச்சுச் சத்தம் வருகிறது, பானெட்டைத் திற, பார்க்கிறேன் என்றான் அண்ணன்.

"தெரியும். நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அம்மா ஏறி உட்கார்ந்ததும் வண்டியைக் கிளப்பினாள்.