கடைக்கு ஒரே விலை

அந்தத் தெருவில் 'முப்பதுநாள்' வீடு எது என்று கேட்டால் எவரும் கையைக் காட்டுவார்கள். போட்டோ ஸ்டுடியோக்காரர்களுக்காக அந்த வீட்டுக்காரன் ஒரு சாஃப்ட்வேர் எழுதியிருந்தான். ஒரு பட்டனைத் தட்டினால் பின்னணியை வெள்ளையாக்கி, எட்டு பாஸ்போர்ட் போட்டோவை ஒரே தாளில் அடுக்கிவிடும். முப்பது நாள் சும்மா ஓடும். அப்புறம் காசு கட்டினால்தான் திறக்கும். பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டவர்கள் நானூறு பேர். காசு கட்டியவர்கள் பதினொரு பேர். அதில் ஒருவர் சொந்தச் சித்தப்பா. அவரிடம் கம்ப்யூட்டரே கிடையாது.

மனைவிக்கு பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டர் வேலை. இரண்டு வருஷமாக அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அவள் ஒரு சொல் குத்திக்காட்டியதில்லை. குத்திக்காட்டும் வேலையை அவளுடைய அண்ணன் எடுத்துக்கொண்டார். பெயிண்ட் கடை வைத்திருப்பவர்.

"மாப்ளே, இந்தப் பொட்டியைத் தட்டுனது போதும். திங்கக்கிழமை நம்ம கடைக்கு வந்துடுங்க. வரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்."

சரி என்று தலையாட்டிவிட்டான். மச்சான் கடையானாலும் விண்ணப்பம் வேண்டுமாம்; அதில் ஒட்டப் படம் எடுக்க, சனிக்கிழமை காலை ஒரு ஸ்டுடியோவுக்குள் நுழைந்தான். திரையைப் பார்த்ததும் நெஞ்சு துள்ளியது. ஓடிக்கொண்டிருந்தது அவனுடைய சாஃப்ட்வேர்!

ஆனால் ஸ்டுடியோக்காரர் பட்டனைத் தட்டுவதற்கு முன் கம்ப்யூட்டரின் தேதியைப் பின்னால் தள்ளினார்.

"எதுக்குண்ணே தேதியை மாத்துறீங்க?"

"அதுவா தம்பி! இது முப்பது நாள்தான் சும்மா ஓடும். முடிஞ்சா தேதியைத் தள்ளிடுவேன். இந்தக் கடையில இன்னும் போன வருஷம் மார்ச்தான்!" குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எங்க ஸ்டுடியோ சங்கத்துல எல்லாரும் இதான் பண்றோம்."

அவனுக்குக் காது சூடானது. "பேசாம காசு கட்டிடலாமே?"

"கட்டலாம். தேதி மாறி பில்லெல்லாம் தப்பா வருது. நேத்து ஒரு அம்மா பில்லுல தேதியைப் பாத்துட்டு, போன வருஷத்துப் படத்தையா குடுக்கறீங்கன்னு சண்டைக்கே வந்துட்டாங்க. ஆனா எழுதினவன் போட்டிருக்கற கண்டிஷனைப் பாருங்க! ஒரு கம்ப்யூட்டருக்கு ஆயிரம். எங்கிட்ட மூணு இருக்கு. ஒண்ணு செத்துப்போனா புதுசுக்கு மறுபடியும் ஆயிரமாம். மூணு பக்கம், வக்கீல் மாதிரி. ஒரு வரி புரியலை."

எப்படிப் புரியும்? ஏதோ ஒரு பெரிய கம்பெனியின் நிபந்தனைகளை அப்படியே பார்த்து எழுதியது. அவனுக்கே புரியாது.

"கடைக்கு ஒரே விலை, எத்தனை கம்ப்யூட்டர்ல வேணும்னாலும் போட்டுக்கலாம்னா?"

"ரெண்டாயிரம்னா இப்பவே குடுப்பேன்."

"குடுங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான். அந்த வக்கீல் நான்தான்."

பட்டனைத் தட்டியதுபோல ஸ்டுடியோக்காரர் முகம் வெள்ளையானது. அப்புறம் வாயெல்லாம் பல்லாக, கல்லாவைத் திறந்தார்.

கால் தரையில் படாமல் பஸ் நிலையத்துக்கு ஓடினான். கவுண்டர் முன் நீள வரிசை. அதில் முண்டியடித்து, விஷயத்தை ஒரே மூச்சில் கொட்டினான்.

"என்னங்க இது, பின்னாடி ஆள் நிக்கறாங்க!" என்றாள் மனைவி. கை டிக்கெட் கிழித்தபடியே இருந்தது. கண் மட்டும் பளபளத்தது. "விலையை எல்லாருக்கும் ஒண்ணா வைங்க. ஆளுக்கொரு விலை சொன்னீங்கன்னா, வரிசையே கலைஞ்சுடும்."

"ஏற்கெனவே ஆயிரம் கட்டினவங்க?"

"மீதியைக் கேக்காதீங்க. ஆளே இல்லாத வண்டியில நம்பி ஏறினவங்க."

"தேதியைத் தள்ளி ஏமாத்தினாங்களே, அவங்களை?"

"டிக்கெட் எடுக்க வந்து நிக்கறவனை எவளாவது திட்டுவாளா?"

வரிசையில் நின்ற ஒருவர், "அம்மா சொல்றது கரெக்ட். தம்பி, நகருங்க" என்றார்.

அன்று மதியமே மூன்று பக்கம் போய் நான்கு வரி வந்தது: ஒரு கடை, ஒரு விலை. எத்தனை கம்ப்யூட்டரும் சரி. ஒரு தடவை கட்டினால் போதும். தேதியைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

ஸ்டுடியோக்காரர் சங்கம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டார். ஞாயிறு மாலைக்குள் நாற்பத்திரண்டு கடைகள்! போன் கையைவிட்டு இறங்கவில்லை. நாற்பத்து மூன்றாவது என்று எடுத்தால், மச்சான்.

"மாப்ளே, நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றீங்க?"

அவன் வாயைத் திறப்பதற்குள் மனைவி போனைப் பிடுங்கினாள்.

"அண்ணா, அவர் வரலை. நீ வேற ஆளைப் பாரு. இப்ப வை, லைன்ல கஸ்டமர் காத்துக்கிட்டிருக்காங்க!"