சம்சாரத்துக்கு நாலு கொய்யாப்பழம்

காலையில் எழுந்தால் வாய் முழுக்க இரும்பு ருசி. கரித்தூள் தொட்டுப் பல் தேய்த்துத் துப்பினால் கறுப்போடு சிவப்பும் சேர்ந்து விழும்... தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்ப்பேன். பார்ப்பதற்கு அங்கே யார் இருந்தார்கள்?

யுத்தகாலம் அது. கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து மதுரையில் ஒரு பஞ்சாலை ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்திருந்தேன். வயது இருபது. கீழவாசல் பக்கம் ஒரு சந்தில் ஒற்றை அறை. மூன்று வேளையும் ஹோட்டல். காய் வேண்டுமென்றால் சாம்பாருக்குள் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வார்த்தை பேசாமலே போய்விடும். சாயங்காலம் ஆனால், குரல் இருக்கிறதா என்று பார்க்க நானே இருமிக்கொள்வேன்.

ஈறு வீங்கிப் பல் ஆட ஆரம்பித்ததும் ஒரு டாக்டரிடம் போனேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"பழம் சாப்பிடுறீரா?"

"எனக்குக் காய்ச்சல் ஒண்ணும் இல்லைங்களே" என்றேன்.

சிரிக்காதீர்கள். எங்கள் பக்கம் அப்படித்தான். வாழைப்பழம் வெற்றிலையோடு சேர்த்தி, அது கணக்கில் வராது. மற்றபடி பழம் என்றால் ஒன்று சாமிக்கு, இல்லை படுத்துக் கிடப்பவருக்கு. சின்ன வயதில் மரமேறித் தின்றது வேறு. வளர்ந்த ஆம்பளை கடையில் பழம் வாங்கித் தானே தின்பது என்றால் கொஞ்சம் வெட்கக்கேடுதான்.

டாக்டர் விடவில்லை. "மருந்தெல்லாம் வேணாம். கொய்யாப்பழம் தின்னும். நெல்லிக்காய், ஆரஞ்சு, எது கிடைச்சாலும் சரி. அதுல சி வைட்டமின்னு ஒரு சத்து இருக்கு. அது இல்லாமத்தான் ஈறு ஒழுகுது. பச்சையா தின்னணும், வேகவச்சா சத்து போயிரும்."

அன்று சாயங்காலமே பழக்கடைக்குப் போனேன். கடைக்கார பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். கொய்யாவைக் கையில் எடுத்ததும் கேட்டார்.

"யாருக்குத் தம்பி உடம்பு சரியில்ல?"

எனக்குத்தான் என்று சொல்ல நா எழவில்லை. "என் சம்சாரத்துக்கு" என்று சொல்லிவிட்டேன். கல்யாணமே ஆகாத பயல்!

"காய்ச்சலா? காய்ச்சலுக்குக் கொய்யா ஆகாதே."

"இல்ல பாய், ஈறுல ரத்தம் வருது." என் வியாதியைத் தூக்கி அவள் தலையில் வைத்தேன்.

பாய் கையிலிருந்ததை வாங்கி வைத்துவிட்டு, நல்ல செங்காயாக நாலு பொறுக்கிக் கொடுத்தார்.

மறுநாள் நான் வாய் திறக்கும் முன்பே, "வீட்ல எப்படி இருக்காங்க?" என்றார். ரத்தம் குறையவில்லை என்றேன். அதற்கு மறுநாளும் கேட்டார். பல் ஆடுவது, சோறு மெல்ல முடியாதது எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்த ஊரில் என் உடம்பை விசாரித்த ஒரே மனுஷர் அவர்தான். விசாரிப்பது என்னை என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

ஒருநாள் சின்னத் தகரடப்பா ஒன்றை நீட்டினார். உப்பில் ஊறிய நெல்லிக்காய். "எங்க வீட்ல குடுத்தாக. தொழுகையில உங்க சம்சாரத்துக்காக துஆ கேக்குறாக தம்பி. அம்புட்டு சின்னப் புள்ளைக்கு இப்படியான்னு கவலப்படுறாக."

அறைக்கு வந்து அந்த நெல்லிக்காயைத் தின்றுகொண்டே அழுதேன். எதற்கு என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

சில வாரத்தில் ரத்தம் நின்றுவிட்டது. துப்பினால் வெறும் கறுப்புதான். டாக்டர் சொன்னது சத்தியம்.

ஆனால் பாயிடம் நான் சொல்லவில்லை. "இன்னும் முழுசா தேறல பாய்" என்றே சொல்லிவந்தேன். தேறிவிட்டாள் என்றால் அப்புறம் யார் என்னைக் கேட்பார்கள்?

பேராசை பெருநஷ்டம். ஒரு வியாழக்கிழமை பாய் சொன்னார், "நாளைக்கு ஜும்மா முடிச்சு நானும் வீட்லயும் வாரோம். அந்தப் புள்ளைய ஒருதரம் பாத்துட்டு வந்துர்றோம்."

"ஊருக்கு அனுப்பிட்டேன் பாய். அவ அம்மா வீட்டுக்கு" என்றேன்.

"நல்லதாப் போச்சு. தாய் கையால சாப்ட்டா சீக்கிரம் தேறும்" என்று மனசாரச் சொன்னார்.

மறுநாள் ஆபீஸ் விட்டு வந்தவன் பழக்கதோஷத்தில் நேராகக் கடைக்குப் போய்க் கொய்யாவைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அவுகதான் ஊருக்குப் போயிட்டாகளே... பழம் யாருக்குத் தம்பி?"

சந்தேகமில்லாமல் சும்மாதான் கேட்டார். எனக்குத்தான் பாய் என்று சொல்லியிருக்கலாம். அவர் சிரித்திருப்பார், திட்டியிருப்பார், ஒருவேளை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறுகூடப் போட்டிருப்பார். நான் பழத்தைக் கீழே வைத்துவிட்டு, "மறந்துட்டேன் பாய்" என்று நடந்துவிட்டேன்.

அப்புறம் அந்தத் தெருவில் நான் போகவில்லை. ஒரே ஒருமுறை தூரத்திலிருந்து பார்த்தேன். தராசுக்குப் பக்கத்தில் அதே மாதிரி ஒரு தகரடப்பா, மூடி போட்டு எடுத்து வைத்திருந்தது. போய் வாங்கிக்கொள்ளும் தைரியம் எனக்கு இல்லை.

பிறகு நிஜமாகவே கல்யாணம் ஆகி, மனைவியைக் கூட்டிக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். அங்கே வேறு கடை இருந்தது.

இப்போது வில்லாபுரத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். அவள் போய் மூன்று வருஷம். தினமும் ஒரு டப்பாவில் விதவிதமாய்ப் பழம் வெட்டி வைத்துவிட்டுத்தான் எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள். எந்தப் பழத்தில் என்ன சத்து என்று மொபைலே சொல்கிறது. பழம் தின்ன இப்போது யாரும் வெட்கப்படுவதில்லை. நல்ல காலம்தான், குறை சொல்லவில்லை.

ஆனாலும் கொய்யா மட்டும் நானே போய் வாங்குவேன். பல்செட்டில் விதை மாட்டிக்கொள்ளும், இருந்தாலும்...

போன வாரம் சூப்பர்மார்க்கெட்டில் நாலு கொய்யாப்பழத்தை பில் போடும் இடத்தில் வைத்தேன். என்ன தோன்றியதோ, "உடம்பு சரியில்லம்மா" என்றேன். "எனக்குத்தான்" என்றும் சேர்த்துச் சொன்னேன். எழுபது வருஷம் கழித்து.

அந்தப் பெண் கம்ப்யூட்டரிலிருந்து நிமிராமல் கேட்டது.

"பை வேணுமா தாத்தா?"