எங்கள் தோட்டத்துக்கு மூன்று பெயர்

எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் பெயர் வைத்த வெள்ளைக்காரத் துரைக்கு ஸ்காட்லாந்தில் ஒரு குட்டி ஊராம். ஊர் ஞாபகத்தில் அதன் பெயரையே இங்கேயும் வைத்துவிட்டுப் போய்விட்டார்: கிளென்ஃபோரி. எங்கள் வாயில் அது நுழையவில்லை. ஆற்றோரம் இருப்பதால் நாங்கள் ஆத்துத்தோட்டம் என்றோம். அதையே பக்கத்துச் சிங்களக் கிராமத்தார் தங்கள் மொழியில் ஓயவத்த என்றார்கள். கோயில் திருவிழாவுக்கு ஒரு பெயர், ஆபீசுக்கு ஒரு பெயர் என்று காலம் ஓடியது. தலைப்பிரசவத்துக்கு நான் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய நாள் வரை அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

அது சண்டைக்காலம். வழியில் சிப்பாய்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். எனக்கு வலி தொடங்கிவிட்டதால் என்னை மட்டும் உட்காரச் சொன்னார்கள். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். சிங்களம் என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் துப்பாக்கியைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது போல. எந்த ஊர் என்று சிப்பாய் கேட்டதற்கு, "ஆத்துத்தோட்டம்" என்று சொல்லித் தொலைத்தார். அடையாள அட்டையில் இருந்ததோ கிளென்ஃபோரி. சிப்பாய் அட்டையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், தனியே நிற்கும்படி கையைக் காட்டினான். அப்படித் தனியே நின்று வீடு திரும்பாதவர்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு. எனக்கு வலி எது, பயம் எது என்றே தெரியவில்லை.

இறங்கிப் போனேன். சிங்களத்தில் சொல்ல நினைத்து, "ரெண்டும் ஒரே தோட்டந்தாங்க மாத்தயா!" என்று தமிழில் கத்திவிட்டேன். ஐயா என்கிற அந்த 'மாத்தயா' மட்டும்தான் சிங்களத்தில் வந்தது. அவன் முகம் இன்னும் கடுகடுத்தது.

வரிசையில் வெற்றிலைக் கூடையோடு ஒரு சிங்கள அம்மா நின்றார். எங்களோடு ஆற்றில் துணி துவைப்பவர். "ஏ அபே ஓயவத்த நே, புத்தே" என்றார். நம்ம ஓயவத்ததானே, மகனே! அவ்வளவுதான், அட்டை கைக்கு வந்துவிட்டது.

பஸ்ஸில் ஏறியதும் வீட்டுக்காரர் அட்டையைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார். "வாய் தவறிருச்சு புள்ள" என்றார். எனக்கு அந்தத் துரை மேல்தான் ஆத்திரம் வந்தது. அவருடைய ஊர்க்காரனிடம் ஊரைக் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவான்.

அன்று சாயங்காலம் மகன் பிறந்தான். பேச்சு வந்ததுமே மூன்று பெயரையும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தோம், எதை யாரிடம் சொல்வது என்பதையும் சேர்த்து. ஒருநாள் கோயிலில், திருவிழாவுக்கு வந்த விருந்தாளி ஒருவர் அவன் கன்னத்தைக் கிள்ளி, "தம்பி, நீங்க எந்த ஊரு?" என்று கேட்டார்.

பிள்ளை என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இவுங்க யாரு?" என்றான்.